சொந்தமாக ஒரு விண்கப்பல்: லெகோ கட்டைகள் பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் அயல் பிள்ளைகள் கூடி, லெகோ என்ற ஒன்றோடொன்று பூட்டும் விளையாட்டுக் கட்டைகளால் விண்கப்பல் கட்டுகிறார்கள். சில நாள் அவர்களுடைய அப்பாமாரும் பாயில் இருந்துவிடுவார்கள். அவர்களும், தொலைபேசியில் கூப்பிடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். முதலில் சொற்கள். துண்டின் மேலே நிற்கும் சிறு வட்டத்தைக் குமிழ் என்கிறோம். உயரமானது கட்டை, மெல்லியது தட்டு, குமிழே இல்லாமல் மழமழவென்று இருப்பது ஓடு. எல் எழுத்துப்போல மடிந்திருப்பதை எல் துண்டு என்போம்.

பெட்டியோடு வரும் படப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டினால் போதாதா? ஏன் சொந்தமாகக் கட்ட வேண்டும்?

புத்தகத்தைப் பார்த்துக் கட்டுவது நல்ல பயிற்சி. எந்தத் துண்டு எதைப் பிடிக்கும் என்று கைக்குத் தெரிவது அப்படித்தான். ஐந்தாறு பெட்டி அப்படிக் கட்டிய பிள்ளைக்குச் சொந்தக் கப்பல் பாதி வந்துவிட்டது என்பேன்.

ஆனால் புத்தகத்தில் முடிவுகள் எல்லாம் வேறொருவர் எடுத்தவை. சொந்தமாகக் கட்டும்போது மூக்கு எவ்வளவு நீளம், இயந்திரம் எங்கே, ஆள் எந்தக் கதவால் ஏறுவான் என்று ஒவ்வொன்றையும் நீங்களே தீர்மானிக்க வேண்டும். இப்படிக் கட்டுவதை உலகெங்கும் எம்.ஓ.சி. (MOC, 'எனது சொந்தப் படைப்பு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று சொல்வார்கள். அந்தச் சொல் தெரிந்திருந்தால் இணையத்தில் தேட உதவும்.

எங்களிடம் ஒரு பை அளவு கட்டைதான் இருக்கிறது. அதை வைத்து விண்கப்பல் கட்ட முடியுமா?

முடியும். அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

லெகோ நிறுவனம் தன் விண்வெளி வரிசையை 1978இல் தொடங்கியது. அதில் மிகப் புகழ்பெற்ற கலக்சி எக்ஸ்புளோரர் 1979இல் வந்தது. அந்தப் பெரிய நீலக் கப்பலில் இருந்தவை 338 துண்டுகள். 2022இல் அதே பெயரில் வந்த புதிய கப்பலில் 1254 துண்டுகள். இன்றும் பலர் நெஞ்சில் வைத்திருப்பது அந்த 338 துண்டுக் கப்பலைத்தான்.

இன்னொரு கணக்கு. இரண்டு வரிசையில் எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை ஒன்றோடொன்று பொருத்தும் வழிகள் 91 கோடியே 51 இலட்சத்துக்கு மேல் என்று டென்மார்க் கணிதப் பேராசிரியர் ஒருவர் கணித்திருக்கிறார். வெறும் ஆறு கட்டைக்கே இவ்வளவு.

என் அனுபவத்தில் 150 துண்டு இருந்தால் உள்ளங்கை அளவில் வடிவான கப்பல் வரும். 300 இருந்தால் ஓர் ஆள் ஏறி இருக்கக்கூடிய கப்பல் வரும். ஆனால் வேலை செய்யும் ஒழுங்கை மாற்ற வேண்டும். மனதில் ஒரு கப்பலை வரைந்துவிட்டு அதற்குத் துண்டு தேடினால் ஒரு மணித்தியாலத்துக்குள் சலித்துவிடும். இருக்கிற துண்டெல்லாவற்றையும் பாயில் பரப்பி, முதலில் சோடியாக இருப்பவற்றைப் பொறுக்குங்கள். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் ஒன்றாக வரும் சரிவுத் துண்டுகள், இறக்கைத் தட்டுகள், ஒரே அளவுச் சக்கரங்கள் எல்லாம் சோடிகள். கப்பலின் உருவத்தைத் தீர்மானிப்பவை அவைதான். சோடி இல்லாத துண்டுகள் நடுக்கோட்டுக்கோ வயிற்றுக்குள்ளோ போகலாம்.

போன வருடம் ஒரு தங்கச்சி கொண்டுவந்த பையில் பாதி, ஏதோ வீடு கட்டும் பெட்டியின் மிச்சம்: யன்னல், வேலி, பூச்சாடி. வேலித் துண்டுகளைச் சரித்துப் பூட்டி வெப்பம் வெளியேற்றும் தகடாக்கினாள். பூச்சாடிகள் கவிழ்ந்து இயந்திர வாயாகின. எந்தக் கடையிலும் கிடைக்காத கப்பல் அது.

துண்டுகளை எங்கே வாங்குவது? கனடாவில் இருக்கும் மாமா வரும்போது என்ன கொண்டுவரச் சொல்லலாம்?

இங்கே பெரும்பாலான வீடுகளில் கட்டை சேர்வது வெளிநாட்டுச் சொந்தக்காரரின் சூட்கேசில்தான். அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்ததும் நிலவறையில் கிடக்கும் பெட்டி இங்கே வந்துசேரும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கடைகளில் வேறு பெயர்களில் அதே அளவுக் கட்டைகள் விற்பார்கள். மேலே உள்ள குமிழும் கட்டையின் அடியில் உள்ள குழாயும் பூட்டும் முறைக்கு லெகோ 1958இல் எடுத்த காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, ஆகவே மற்றவர்களும் அதே அளவில் செய்யலாம். அவற்றையும் தாராளமாகப் பாவியுங்கள். ஒரு கவனம் மட்டும் வேண்டும்: சில பூட்டு இறுக்கம், சில இளக்கம். இளகியதைச் சுமை தாங்கும் நடுப்பகுதியில் வைக்காமல் மேல் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவிடம் பெரிய பெட்டி கேட்க வேண்டாம். சிறு தட்டுகள், சோடியான இறக்கைத் தட்டுகள், பிணைச்சல்கள், பக்கத்தில் குமிழ் உள்ள கட்டைகள், எல் துண்டுகள் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். அங்கே இவற்றைத் தனித்தனியாகவும் பழசாகவும் வாங்கலாம். ஒரு பெரிய பெட்டியின் விலைக்கு, இரண்டு மூன்று கப்பலுக்குக் காணும் எலும்பும் மூட்டும் கிடைத்துவிடும்.

நான் சிறுவனாக இருந்த தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரிகூட யாழ்ப்பாணத்துக்கு வராது. நுங்குக் கோம்பையில் தடி குத்தி வண்டி ஓட்டிய தலைமுறை நாங்கள். ஒரு பை கட்டையை இந்தப் பிள்ளைகள் பாயில் கொட்டும் சத்தம் எனக்கு இன்னும் பழகவில்லை. அது கேட்கும்போதெல்லாம் சந்தோசமாக இருக்கும்.

அண்ணை, எதிலிருந்து தொடங்க வேண்டும்? மூக்கிலிருந்தா, இறக்கையிலிருந்தா?

இரண்டும் இல்லைத் தம்பி. ஏராவிலிருந்து.

மரக்கப்பல் கட்டுபவர்கள் முதலில் கிடத்துவது அடியில் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடும் ஏரா மரத்தை. மற்ற மரமெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு எழும்பும். எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, எங்கள் மாலுமிகளே அதை ஓட்டிப்போய் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இந்துமாக்கடலும் அத்திலாந்திக்கும் தாண்டிப் போன கப்பல். உள்ளே எலும்பு சரியாக இல்லாமல் அது நடந்திருக்குமா? விண்கப்பலும் கப்பல்தான்.

கட்டையில் ஏரா செய்ய இரண்டு வழி உண்டு. துளை உள்ள நீளச் சட்டங்கள் இருந்தால் இரண்டைச் சமாந்தரமாக வைத்து, குறுக்கே பின் (துளைக்குள் போகும் சிறு முளை) போட்டுப் பூட்டுங்கள். அதுதான் பலம். அவை இல்லாவிட்டால் நீளத் தட்டுகளை மூன்று அடுக்காகப் பூட்டலாம். அப்போது ஒரு விதியை மறக்கவே கூடாது: ஓர் அடுக்கின் பொருத்து, அடுத்த அடுக்கின் பொருத்துக்கு நேரே வரக்கூடாது. மேசன் மதில் கட்டும்போது கல்லை மாறிமாறி வைப்பது ஏனோ அதே காரணம்தான்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். முதன்முதல் பெரிதாகக் கட்டிய கப்பல் 70 குமிழ் நீளம், அதாவது 56 சென்ரிமீற்றர். ஒரு பாடசாலைக் கண்காட்சிக்கு மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு போனோம். றெயில் கடவையில் ஒரு குலுக்கு. கப்பல் சரி நடுவில் கத்தியால் வெட்டியதுபோல இரண்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்று அடுக்கின் பொருத்தும் ஒரே கோட்டில். துண்டில் ஒரு பழுதும் இல்லை. பிழை முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து மேலோட்டைத் தொடுவதற்கு முன்பு ஏராவை மட்டும் ஒரு முனையில் பிடித்துத் தூக்கிப் பார்ப்பேன். மற்ற முனை தொங்கினால் திரும்பக் கட்டுவேன்.

கட்டைகள் அவ்வளவு பலமா? பெரிதாகக் கட்டினால் அடியில் உள்ளவை நசியாதா?

நசியாது. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தில் 2012இல் செய்த சோதனையில், நான்கு குமிழ் உள்ள ஒரு சிறு கட்டை ஏறத்தாழ 430 கிலோ சுமைவரை தாங்கியது. மேலிருந்து வரும் பாரத்துக்கு இந்தப் பிளாஸ்ரிக் அஞ்சுவதே இல்லை. கப்பல் உடைவது வளைவால், அல்லது குமிழ் மேல்நோக்கி இழுபடுவதால். பாரமான இயந்திரத்தை வாலில் அந்தரத்தில் தொங்கவிட்டால் வளைவு வரும். அதை ஏராவுக்கு மேலேயோ பக்கத்திலேயோ கொண்டுவந்து, மேலும் கீழும் தட்டுப் போட்டுச் சாண்ட்விச்போலப் பிடித்துவிடுங்கள்.

பக்கவாட்டில் ஓடுகளை ஒட்டினால் எப்போதும் ஒரு சிறு இடைவெளி வருகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு மிகவும் சந்தோசம். இது கேட்கும் பிள்ளை அடுத்த வகுப்புக்கு வந்துவிட்டது.

அளவுகளை மனப்பாடம் செய்யுங்கள். ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மில்லிமீற்றர். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர். ஒரு தட்டின் உயரம் 3.2. மூன்று தட்டு ஒரு கட்டை, இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது அடுத்த கணக்கு: ஐந்து தட்டின் உயரம் 16 மில்லிமீற்றர், இரண்டு குமிழின் அகலமும் 16 மில்லிமீற்றர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஐந்து தட்டும் பக்கவாட்டில் சரிந்து நிற்கும் இரண்டு குமிழ்த் துண்டும் மயிரிழை பிசகாமல் ஒட்டும். அதேபோல ஐந்து கட்டை உயரம் ஆறு குமிழ் அகலம், இரண்டும் 48.

இப்போது உங்கள் இடைவெளிக்கு வருவோம். பக்கத்தில் ஒட்டும் சுவர் இரண்டு குமிழ் உயரமாக இருக்க, அதற்குப் பின்னால் உள்ள உடம்பு இரண்டு கட்டையாக அடுக்கியிருந்தால், உடம்பு 19.2, சுவர் 16. அந்த 3.2 மில்லிமீற்றர்தான் உங்கள் கண்ணைக் குத்துகிறது. அது சரியாக ஒரு தட்டு. ஒரு கட்டையும் இரண்டு தட்டுமாக உடம்பை மாற்றுங்கள், இடைவெளி மறைந்துவிடும்.

எல் துண்டின் செங்குத்துப் பக்கம் அரைத் தட்டுத் தடிப்பு, 1.6 மில்லிமீற்றர். அரைத் தட்டு அளவு பிசகினால் அதை வைத்து ஈடுகட்டலாம். ஒரு பெடியன் இந்தக் கணக்குகளைக் கொப்பியின் பின்பக்கத்தில் வாய்ப்பாடுபோல எழுதி வைத்திருக்கிறான். நல்ல யோசனை.

எந்த அளவுத் திட்டத்தில் கட்டுவது?

ஆள் ஏற வேண்டுமானால் சிறு பொம்மை மனிதன்தான் அளவுகோல். அவன் உயரம் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர், ஆகவே உண்மையில் 42 மீற்றர் உள்ள கப்பல் உங்களிடம் ஒரு மீற்றர் வரும். அது பெரிய வேலை. உலகெங்கும் இதில் ஊறியவர்கள் 100 குமிழுக்கு மேல் நீளமான கப்பலைத் தனி வகையாகவே மதிக்கிறார்கள், ஒவ்வொரு செப்டெம்பரிலும் அப்படி ஒன்று கட்டி முடிக்க முயல்கிறார்கள். 100 குமிழ் என்றால் 80 சென்ரிமீற்றர். முதற் கப்பலுக்கு அது வேண்டாம். 30 குமிழோடு நிறுத்துங்கள்.

உண்மையான விண்கலம் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வது, இலங்கையின் இராவணா-1. 2019 ஏப்ரலில் ரொக்கெற்றில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17 அன்று அங்கிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்ட சிறு செய்மதி. நிறை ஒரு கிலோ அளவு. அந்த வகைச் செய்மதிகளின் அகலம் 10 சென்ரிமீற்றர், உயரம் 11 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். கட்டையில் கணக்குப் பாருங்கள்: 12 குமிழ் 9.6 சென்ரிமீற்றர், 12 கட்டை உயரம் 11.5 சென்ரிமீற்றர். கிட்டத்தட்ட உண்மை அளவிலேயே மேசையில் வைக்கலாம். உள்ளே வெறுமையாக விட்டுச் சுவரை மட்டும் கட்டினால் அதிகம் துண்டும் போகாது. விண்வெளியில் சுற்றிய ஒரு பொருளை அதே அளவில் கையில் தூக்கிப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மறுபக்கம், மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பிய சற்றேண்-5 ரொக்கெற் 110 மீற்றர் உயரம். லெகோ 2017இல் வெளியிட்ட அதன் மாதிரி ஏறத்தாழ ஒரு மீற்றர். அதில் துண்டுகள் 1969. சந்திரனில் கால் வைத்த ஆண்டும் அதுதான்.

விண்கப்பலுக்கு இறக்கை கட்டாயமா?

கட்டாயமில்லை. இறக்கையைத் தூக்குவது காற்று, விண்வெளியில் காற்று இல்லை. அப்பலோவின் சந்திரக் கலத்துக்கு இறக்கை கிடையாது, சிலந்திபோல நான்கு கால்தான். 2023 ஓகஸ்ற் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கியதை இங்கேயும் எத்தனையோ வீடுகளில் நேரலையாகப் பார்த்தோம். அதற்கும் நான்கு கால்.

ஆனால் உங்கள் கப்பல் ஒரு கிரகத்தின் காற்றுக்குள் இறங்குவதானால் இறக்கை வைக்கலாம், அது உங்கள் கதை. ஒவ்வொரு துண்டையும் வைக்கும்போது 'இது எதுக்கு?' என்று கேட்டுப் பாருங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன். எரிபொருள் எங்கே? வெப்பம் எப்படி வெளியேறும்? சர்வதேச விண்வெளி நிலையத்தில் சூரியத் தகடுகளோடு வெள்ளை வெளேரென்று மடிப்பு மடிப்பாக வேறு தகடுகளும் தெரியும். அவை உள்ளே சேரும் வெப்பத்தை வெளியே கதிர்வீசுபவை. காற்றே இல்லாத இடத்தில் சூட்டை வெளியேற்ற வேறு வழி இல்லை. இதைக் கேட்ட பெடியன் ஒருவன் தன் கப்பலின் இறக்கை இரண்டையும் கழற்றி, அதே இடத்தில் வெள்ளை ஓட்டுத் தகடுகளைப் பிணைச்சலில் பூட்டினான். கப்பல் உடனே உண்மையானதாகிவிட்டது.

மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழாயும் பெட்டியும் வைத்து நுணுக்கம் காட்டுவதற்கும் இதுவே பொருந்தும். எல்லா இடமும் அள்ளிக் கொட்டினால் கண் எதிலும் நிற்காது. மூன்று பங்கில் இரண்டு பங்கை மழமழவென்று ஓடால் மூடி, ஒரு பங்கில் மட்டும் உள்ளுறுப்பைத் திறந்து காட்டுங்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போனவர்கள் அங்கே ஏறும் விசித்திரப் பட்டங்களைக் கவனித்திருப்பீர்கள். எவ்வளவு சோடனை இருந்தாலும், தூரத்தில் நூறு பட்டம் நிற்கும்போதும் இன்னது என்று உருவம் தெரியும். உங்கள் கப்பலையும் அறையின் மறு மூலையில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்.

சாம்பல் நிறத் துண்டுகளால் கட்டினால் திட்டுத்திட்டாகத் தெரிகிறதே?

அது அழுக்கு இல்லை. லெகோ தன் சாம்பல் நிறங்களை 2004 அளவில் மாற்றியது. பழையது கொஞ்சம் மஞ்சள் கலந்தது, புதியது கொஞ்சம் நீலம் கலந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பழைய பைகளில் இரண்டும் கலந்தே இருக்கும். மின்குமிழ் வெளிச்சத்தில் பிரிக்க முடியாது. காலை வெயில் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் வைத்துப் பிரியுங்கள். பழையதை உள்ளெலும்புக்கும் புதியதை வெளித்தோலுக்கும் வைத்தால் பிரச்சினை முடிந்தது. பழைய மண்ணிறம், கடுஞ்சிவப்புத் துண்டுகளில் சில, அழுத்தினால் பொட்டென்று வெடித்துவிடும். அவற்றைக் கழற்றிக் கழற்றிப் பூட்ட வேண்டாம்.

துண்டுகளை எப்படிப் பிரித்து வைப்பது?

நிறத்தால் பிரிக்க வேண்டாம், வடிவத்தால் பிரியுங்கள். கறுப்புக் குவியலுக்குள் ஒரு சிறு கறுப்புப் பிணைச்சலைத் தேடிப் பாருங்கள், கண் வலிக்கும். பல நிறம் கலந்த பிணைச்சல் குவியலுக்குள் கறுப்பை உடனே எடுத்துவிடலாம். பெரிய கட்டைக்குக் கடகம், சிறியவற்றுக்கு மூடியுள்ள போத்தல். முதலில் பிரிக்கச் சுளகுதான் மிக வசதி: இரண்டு தரம் மெதுவாகப் புடைத்தால் பாரமான கட்டைகள் ஒரு பக்கமும் சிறு துண்டுகள் மறுபக்கமும் ஒதுங்கும். என் அம்மா காட்டித்தந்த முறை இது.

கழுவலாமா? வெயிலில் காயவைக்கலாமா?

கழுவலாம். 40 பாகைக்கு மேற்படாத இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். சலவை இயந்திரமும் தலைமுடி உலர்த்தியும் வேண்டாம்.

எங்கள் ஊருக்கென்று ஒரு விசயம் இருக்கிறது. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளை படிவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டையைக் கழுவி அப்படியே காயவிட்டால் ஒவ்வொரு குமிழையும் சுற்றி அதே வெள்ளை வளையம் வரும். கறுப்பிலும் கண்ணாடித் துண்டிலும் மிக மோசமாகத் தெரியும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் இருந்தால் அதைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தோடு பழைய பருத்திச் சேலையில் கொட்டி உருட்டித் துடைத்துவிடுங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால் வினாகிரி கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் கழன்றுவிடும்.

வெயில் வேண்டாம். ஊதாக்கடந்த கதிர் பட்டால் வெள்ளை மஞ்சளாகும், நீலமும் நிறம் மாறும். முடித்த கப்பலையும் யன்னலோரம் வைக்காமல் கண்ணாடி அலுமாரியில் வையுங்கள். பூட்டிய காருக்குள் நடு மத்தியானத்தில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்.

பசை போட்டு ஒட்டினால் என்ன?

வேண்டாம். ஒட்டிய துண்டு அடுத்த கப்பலுக்கு உதவாது.

கணினியில் வடிவமைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஸ்ரூடியோ என்ற மென்பொருள் இலவசம். எந்தத் துண்டையும் எந்த நிறத்திலும் எடுத்துத் திரையில் பூட்டலாம், பூட்டு எங்கே பலவீனம் என்று அதுவே காட்டும், கடைசியில் துண்டுப் பட்டியலும் தரும். கனடா மாமாவுக்கு அனுப்ப அந்தப் பட்டியல் மிக உதவி. அதற்கு முன்பிருந்தே, 1995 முதல், எல்டிரோ என்ற இலவசத் துண்டு நூலகமும் இருக்கிறது.

ஆனாலும் முதல் இரண்டு மூன்று கப்பலைக் கையாலேயே கட்டுங்கள். திரையில் துண்டுக்குப் பாரம் இல்லை, தொங்குவது தெரியாது.

மகன் சாதாரண தரம் எடுக்கிறான். இதில் இருந்தால் படிப்புக் கெட்டுவிடாதா?

கெடும் என்று நான் நினைக்கவில்லை, அம்மா. ஆனால் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது புதிய பெரிய கப்பல் தொடங்க வேண்டாம் என்று அவனிடம் நானே சொல்வேன். மற்றக் காலத்தில் கிழமைக்கு ஒரு பின்னேரம் விடுங்கள். விகிதமும் சமச்சீரும் திருப்பமும் கொப்பியில் படித்தவை, அவன் விரலுக்கு வருகின்றன. ரியூசனிலிருந்து ரியூசனுக்குச் சைக்கிளில் ஓடும் பிள்ளைக்கு, பிழைவிட்டால் ஒருவரும் புள்ளி குறைக்காத ஓர் இடம் வேண்டும். இதை மனமார நம்பித்தான் விறாந்தையைத் திறந்து வைத்திருக்கிறேன்.

வீட்டில் இரண்டு வயதுத் தம்பியும் இருக்கிறான். பயமில்லையா?

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் கைக்குச் சிறு துண்டு எட்டவே கூடாது, தொண்டையில் சிக்கும். தரையில் பரப்பாமல் மேசையில் பரப்புங்கள். முடிந்ததும் எண்ணி மூடுங்கள்.

கண்காட்சிக்கு எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது?

கட்டும்போதே மூன்று பகுதியாகக் கட்டுங்கள்: மூக்கு, உடம்பு, இயந்திரம். ஒவ்வொன்றும் இரண்டே இரண்டு பின்னில் கழலும்படி. கழற்றிய பகுதிகளைத் துவாயால் சுற்றிப் பெட்டிக்குள் இறுக்கி வைத்தால் ஓட்டோவில் பருத்தித்துறைவரை போனாலும் ஒன்றும் ஆகாது. உதிரித் துண்டு கொஞ்சம் சட்டைப்பையில் இருக்கட்டும். பிணைச்சல், கண்ணாடி மூடி, ஒரு கால், இந்த மூன்றும்தான் எப்போதும் கழன்று தொலைவது.

கட்டி முடித்த கப்பலை உடைக்க மனம் வரவில்லை. துண்டோ இவ்வளவுதான். என்ன செய்வது?

இதைக் கேட்ட தம்பிக்கு வயது பத்து, கேட்கும்போது கண் கலங்கியிருந்தது. அவசரப்படுத்த வேண்டாம். ஒரு மாதம் அலுமாரியில் இருக்கட்டும். பிறகு படம் எடுங்கள்: முன், பின், மேல், கீழ், இரண்டு பக்கம். ஆறையும் எடுத்தபின், மேலோட்டை மட்டும் கழற்றி உள்ளே ஏரா எப்படி ஓடுகிறது என்று ஏழாவது படம். எல்லோரும் மறப்பது அந்தப் படத்தைத்தான், பின்னுக்குத் திரும்பக் கட்டவேண்டி வந்தால் தேவைப்படுவதும் அதுதான்.

அதன்பிறகும் முழுக்க உடைக்க வேண்டியதில்லை. மிக நன்றாக வந்த ஒரு பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைப் பிரியுங்கள். அந்தத் தம்பி வைத்துக்கொண்டது வால் இயந்திரம் மட்டும்: நான்கு சக்கர வளையம், நடுவில் ஒரு செம்மஞ்சள் கண்ணாடித் துண்டு. இப்போது அது மூன்றாவது கப்பலில் பூட்டியிருக்கிறது.